"மனநிலை குறித்து அறிக்கை அனுப்பவும்"

ராமநாதபுரத்தில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் உளவியலாளராக வேலை பார்க்கிறேன். எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் வாங்கியவள். தடயவியல் உளவியல் என்று எனக்குத் தனிப் பதவி கிடையாது. நாள் முழுக்க ஓபி பார்ப்போம். நடுவே குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தால் அந்த வேலையும் எங்களுடையதுதான். இந்தப் பக்கம் வர நினைக்கும் பிள்ளைகள் அடிக்கடி விசாரிப்பதால், ஒரு கொலை வழக்கில் கடிதம் வந்ததிலிருந்து நான் கூண்டேறியது வரை நடந்ததை எழுதுகிறேன். ஊரையும் உறவுகளையும் வேறு சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

கடிதத்தில் இருந்தது ஒரே வரி: "மேற்படி எதிரியைப் பரிசோதித்து, அவரது மனநிலை குறித்து அறிக்கை அனுப்பவும்." எதிரி என்றால் கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர். எந்த மனநிலை? இப்போது இருப்பதா, சம்பவம் நடந்த அன்று இருந்ததா? சட்டத்தில் இரண்டும் வேறு வேறு கேள்வி. தன் மேல் நடக்கும் வழக்கைப் புரிந்துகொண்டு, வக்கீலிடம் பேசி, தன் தரப்பைச் சொல்லும் நிலையில் இவர் இன்று இருக்கிறாரா என்பது ஒன்று. அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367, 368 பிரிவுகளில் வருகிறது. அந்தச் செயலைச் செய்தபோது, தான் செய்வது இன்னது என்றோ, அது தவறு என்றோ அறிய முடியாத அளவுக்கு மனம் பிறழ்ந்திருந்ததா என்பது மற்றொன்று. அது முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 84. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 22. ஒருவர் இன்று தெளிவாக இருக்கலாம், அன்று இல்லாமல் இருந்திருக்கலாம். தலைகீழாகவும் நடக்கும். அதனால் மனநல மருத்துவர் சாரிடம் பேசி, டீன் வழியாக நீதிமன்றத்துக்கே எழுதிக் கேட்டோம். இப்போதைய நிலை மட்டும் போதும் என்று பதில் வந்தது. புதிதாக வருகிறவர்கள் தயவுசெய்து இந்தக் கடிதத்தை எழுதத் தயங்காதீர்கள். நோயின் பெயரைத் தெரிந்துகொள்வதற்காக கோர்ட் நம்மைக் கூப்பிடுவதில்லை. அதற்கு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது, அந்த முடிவுக்கு வேண்டியதைத்தான் நாம் தர வேண்டும்.

அவரை எஸ்கார்ட் போலீஸ் அழைத்து வந்தார்கள். விசைப்படகில் கூலிக்குப் போகிற ஆள், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். கடற்கரையில் தூங்கிக்கொண்டிருந்த சக தொழிலாளியை இரவில் கட்டையால் அடித்துக் கொன்றதாக வழக்கு. கைவிலங்கைக் கழற்றச் சொல்லி, காவலர்களை அறைக்கு வெளியே, கண்ணில் படும் தூரத்தில் உட்கார வைத்தோம். உள்ளே போகும்முன் ஒரு காவலர், "உண்மை கண்டறியும் மெஷின் வைப்பீங்களா மேடம்?" என்று கேட்டார். அது எங்கள் வேலை இல்லை. சம்மதம் இல்லாமல் யாருக்கும் அந்தச் சோதனைகளைச் செய்யக் கூடாது என்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லிவிட்டது.

முதலில் நான் சொல்வது எப்போதும் இதுதான்: "அண்ணே, நான் உங்களுக்கு வைத்தியம் பார்க்க உட்காரல. நீங்க எங்கிட்டச் சொல்றது கோர்ட்டுக்கு எழுத்துல போகும். சொல்ல இஷ்டமில்லாததச் சொல்லாம இருக்கலாம்." ஓபியில் உட்காரும்போது ரகசியம் காப்போம் என்று வாக்குக் கொடுப்பவர்கள் நாம். இங்கே அந்த வாக்கைக் கொடுக்க முடியாது என்பதை அவருக்குப் புரியும்வரை சொல்ல வேண்டும். புரிந்ததா என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்வேன். அவர் சொன்னார்: "ஜட்ஜய்யாவுக்குச் சொல்லுவீங்க." சரி, அந்த அளவுக்குப் புரிகிறது.

நாள், கிழமை கேட்பது வழக்கம். "இன்னைக்கு என்ன கிழமை?" என்றதற்கு, "தெரியல டாக்டரம்மா. போட்டு போற நாளா?" என்று திருப்பிக் கேட்டார். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று போகும். ஜெயிலுக்குள் அந்தக் கணக்கு ஏது? படிவத்தில் 'காலம் குறித்த தெளிவு இல்லை' என்று குறித்துவிட்டு நகர்ந்திருந்தால் அது அநியாயமாகப் போயிருக்கும். காற்றைக் கேட்டேன்: "கச்சான் அடிக்குதா, வாடை அடிக்குதா?" சரியாகச் சொன்னார். பிறையையும் சொன்னார். சம்பவம் எப்போது என்றதற்கு, தடைக்காலம் முடிந்து போட்டு இறக்கியதற்கு அப்புறம் என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. அவர் சொன்னது குற்றப்பத்திரிகையோடு ஒத்துப்போனது. ஒற்றுமை கேட்கும் கேள்விகளையும் மாற்றிக்கொண்டேன். நண்டுக்கும் இறாலுக்கும் என்ன ஒற்றுமை என்றால், "ரெண்டும் ஓடு உள்ளது" என்று நொடியில் பதில். புத்தி மட்டாக இல்லை, மறதி இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. இதையெல்லாம் எந்த வார்த்தையில் கேட்டேன், என்ன பதில் வந்தது என்று அறிக்கையில் அப்படியே எழுதினேன். கேள்வியை மாற்றினால் மாற்றினேன் என்று சொல்லிவிட வேண்டும்.

காதில் ஏதாவது கேட்கிறதா, குரல் வருகிறதா என்றால் "எனக்கு ஒண்ணும் இல்ல" என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். நடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நோயை முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். ரெண்டும் ரெண்டும் எத்தனை என்றால் அஞ்சு என்பார்கள். இவர் நோயை மறைத்தார். வீட்டுக்குப் போக வேண்டும், அம்மாவைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. படகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அது வெளியே வந்தது. செத்துப்போனவர் இலங்கை நேவிக்குத் தகவல் கொடுக்கிற ஆள் என்றார். எப்படித் தெரியும் என்றேன். வயர்லெஸ் செட்டில் கேட்டாராம். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, தாழ்ந்த குரலில், "செட்டு ஆஃப்ல இருக்கும்போதும் பேசும் டாக்டரம்மா. எனக்கு மட்டும்தான் புரியும்" என்றார்.

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். பாக் நீரிணையில் தொழில் பார்க்கிறவர்களில் நேவியை நினைத்துப் பயப்படாத குடும்பம் கிடையாது. படகு பிடிபட்டால், காட்டிக் கொடுத்தது யார் என்ற பேச்சு கரையில் சாதாரணமாக எழும். போலீஸ் வாக்குமூலங்களிலும் அதையே 'முன்விரோதம்' என்று எழுதியிருந்தார்கள். அந்த ஊரே பகிர்ந்துகொள்ளும் பயத்தை நோய் என்று சொல்ல முடியாது. அவருடைய நோயை, பயம்தானே என்று தள்ளிவிடவும் முடியாது. சாட்சிப் பட்டியலில் இருப்பவர்களிடம் நான் பேசக் கூடாது, பேசவும் இல்லை. முன்பு அவர் வேலை பார்த்த இன்னொரு படகின் டிரைவரை மட்டும் நீதிமன்ற அனுமதி வாங்கி விசாரித்தேன். அந்தப் பெரியவர் சொன்னார்: "எங்க எல்லாருக்கும் பயம்தாம்மா. ஆனா கரைக்கு வந்துட்டா விட்டுரும். இவன் கரையிலதான் கூடப் பயந்தான்."

உள்நோயாளியாக வைத்துப் பார்த்த நாட்களில் ராத்திரி டியூட்டி நர்ஸ் அக்காவின் குறிப்பேடு எனக்குப் பெரிய உதவி. எல்லோரும் தூங்கிய பிறகு எழுந்து, வார்டு டிவியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளக் பாயிண்டில் காது வைத்துக் கேட்கிறார் என்று நேரம் போட்டு எழுதியிருந்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும் நேரத்தில் ஒருவர் நடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

அப்புறம் அவருடைய அம்மா. பாம்பன் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்தார், கையில் ஒரு மஞ்சப்பை. பையன் எப்போதிலிருந்து இப்படி என்றதற்கு, "ஏர்வாடியில கொண்டுபோய் வச்சிருந்தோம், சரியாகி வந்தான்" என்றார். இந்தக் கடற்கரையில் இந்துவோ கிறிஸ்தவரோ முஸ்லிமோ, மனம் கலங்கிய பிள்ளையை முதலில் கொண்டுபோவது ஏர்வாடி தர்காவுக்குத்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியோடு கட்டிப் போட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அதற்குப் பிறகுதான் அரசு அங்கே கண் திருப்பியது. இன்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த வடிவத்திலும் சங்கிலியைத் தடை செய்கிறது. ஆனால் தர்காவில் தங்கியதற்குக் கேஸ் ஷீட் கிடையாது. அந்த அம்மாவின் நம்பிக்கையை நான் துளியும் குறைத்துப் பேச மாட்டேன். கோர்ட் காகிதம் கேட்கும் என்பதுதான் என் கவலை.

மஞ்சப்பையைத் தரையில் கவிழ்த்தார். கயிறு, சாம்பிராணிப் பொட்டலம், தங்கியிருந்த வீட்டு வாடகைச் சீட்டு. அடியில், ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டிய மாத்திரை அட்டைகள், எல்லாம் காலி. பின்பக்கம் ஓலன்சபின் என்று மனநோய் மருந்தின் பெயர் அச்சு, பேட்ச் எண், காலாவதித் தேதி. ஏன் அம்மா எடுத்து வைத்தீர்கள் என்றேன். "தீந்தா காட்டி வாங்கணும்ல, எனக்குப் பேரு வாசிக்கத் தெரியாது" என்றார். அந்தப் பையில் மடித்திருந்த மருந்துச் சீட்டை வைத்து, ஒரு தனியார் மனநல மருத்துவரிடம் சம்பவத்துக்கு முன்பே சிகிச்சை எடுத்தது உறுதியானது. பாதியில் மருந்து நின்றிருந்தது. மனப்பிறழ்வை நிரூபிக்கும் பொறுப்பு எதிரி தரப்புடையது என்று 1964இல் தாஹ்யாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் நடப்பில் இருக்கிறது. சம்பவத்துக்கு முன்னும், அப்போதும், பின்னும் ஆள் எப்படி இருந்தார் என்று பார்ப்பார்கள். எழுத வாசிக்கத் தெரியாத ஒரு தாய் அந்த 'முன்'னுக்கான சான்றைப் பத்திரமாக வைத்திருந்தார். அன்றைக்கு அந்த அட்டைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அறிக்கை எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேட்ட கேள்வி, பார்த்த காகிதங்கள், செய்த சோதனைகள், கண்டது, அதிலிருந்து வரும் கருத்து. வழக்கு என்ன என்று அவருக்குத் தெரிகிறது. ஆனால் தனக்கு அமர்த்திய இலவச வக்கீலே நேவி அனுப்பிய ஆள் என்று நம்புவதால் அவரோடு சேர்ந்து தன் தரப்பைச் சொல்ல முடியாத நிலை, சிகிச்சையில் தேற வாய்ப்பு உண்டு, என்று மனநல மருத்துவரும் நானும் கையெழுத்திட்டோம். சம்பவ இரவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அதைக் கேட்கவில்லை.

சம்மன் வந்தது. நம் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில்தான். நாம் சொல்வதை நீதிபதி வாசகமாக்கிச் சொல்லச் சொல்ல டைப் ஆகும். அரசு வழக்கறிஞர் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். நான் எம்.பி.பி.எஸ். டாக்டர் இல்லை, மருந்து எழுத அதிகாரம் இல்லை என்றார். இரண்டையும் ஒத்துக்கொண்டேன், உள்ளது அதுதானே. "ஏர்வாடியில் தங்கினால் மனநோயாளி ஆகிவிடுவாரா?" என்றார். இல்லை, அதை நான் ஆதாரமாக வைக்கவும் இல்லை, மருந்துச் சீட்டைத்தான் வைத்திருக்கிறேன் என்றேன். "இந்தக் கடற்கரையில் நேவிக்குப் பயப்படாத மீனவர் யார்?" இது நல்ல கேள்வி. எல்லோரும் பயப்படுகிறார்கள், அணைத்து வைத்த செட்டிலிருந்து தன்னிடம் மட்டும் பேசுவதாக மற்றவர்கள் சொல்வதில்லை என்றேன். நீதிபதி அதை அப்படியே எழுதச் சொன்னார். கடைசியில் எல்லோருக்கும் வருவது எனக்கும் வந்தது: "எதிரி நடிப்பதை மறைத்து, அவருக்குச் சாதகமாக அறிக்கை கொடுத்துள்ளேன் என்று சொன்னால் சரியல்ல." வக்கீல் அப்படிக் குற்றம் சொல்ல, நாம் மறுக்க, அது நம் வாயால் சொன்னதுபோல இப்படிப் பதிவாகும். இந்த வாசகத்தைக் கேட்டு முகம் சிவக்க வேண்டாம். அது உங்கள் மேல் உள்ள கோபம் இல்லை, அவர் தரப்பின் வாதத்தைப் பதிவு செய்யும் முறை. டைப் செய்ததை வரிவரியாகப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

வழக்கைச் சந்திக்கும் நிலையில் அவர் இல்லை என்று நீதிமன்றம் பதிவு செய்தது. அந்தக் கட்டத்தில், முகாந்திரமே இல்லாத வழக்கு என்றால் தள்ளிவைக்காமல் விடுவித்துவிட வேண்டும் என்று முன்பு சொன்ன 368ஆம் பிரிவு சொல்கிறது. இதில் முகாந்திரம் இருந்ததால் விசாரணையை ஒத்திவைத்து, அவரைச் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பாம்பன் பாலத்தில் ரயில் ஓடாத காலம் அது. அந்த அம்மா மகனைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ராமநாதபுரம் வந்துதான் ரயில் ஏறினார். போகும்போது எங்கள் பிரிவுக்கும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்.

இப்படி ஒரு வழக்கில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் முதலில் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். காவலில் இருப்பவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் வக்கீல் இலவசம். 15100க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. பழைய சீட்டு, மாத்திரை அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

மருந்தில் தெளிந்து அவர் திரும்பி வந்தார். மறுபடி பரிசோதித்து, இப்போது வழக்கைச் சந்திக்க முடியும் என்று எழுதிக் கொடுத்தோம். செத்தவர் யார் என்று அவருக்கு இப்போது தெரியும். அதைப் பற்றி என்னிடம் அழுதார், அதையும் அறிக்கையில் எழுதினேன். விசாரணை நடக்கிறது. அவருடைய வக்கீல், சம்பவ நேரத்து மனநிலை பற்றிய பிரிவு 22ஐ எழுப்பியிருக்கிறார். அடுத்த வாய்தாவுக்கு எனக்கு மறுபடி சம்மன் வந்திருக்கிறது, இந்த முறை எதிரி தரப்புச் சாட்சியாக.