காசிமேட்டில் ஒரு கேள்வித்தாள்

மனநல ஆய்வொன்றின் களப்பணியாளனாகச் சென்னையின் மீன்பிடித் துறைமுகப் பகுதியான காசிமேட்டுக்குச் சென்ற முதல் வாரத்தில், ஏலம் முடிந்து பெண்கள் கூடையுடன் மீன் விற்கப் போயிருக்கும் காலை 11 மணிக்குத்தான் நாங்கள் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தோம். வீட்டிலிருந்தவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, அதையே அப்பகுதி மக்கள் அனைவரையும் பிரதிபலிக்கும் மாதிரி என்று எழுதினோம். இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஒப்புதல் படிவத்தை நீட்டியபோது, செதில் ஒட்டிய கட்டைவிரலை மைப்பெட்டிக்கு மேலேயே நிறுத்திக்கொண்டு ஓர் அம்மா கேட்டார்: "இன்னாத்துக்கு தம்பி கைநாட்டு? வூட்டுப் பட்டாவ எழுதி வாங்கினு பூடுவியா?" எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் நடுநிலையான சாட்சியின் முன்னிலையில் விளக்கியே ஒப்புதல் பெற வேண்டும் என்பது விதி. எங்கள் சாட்சியோ எங்களுடனேயே வண்டியில் வந்திறங்கியவர்.

மனச்சோர்வைக் கண்டறிய உதவும் பி.எச்.க்யூ-9 அளவுகோலின் 9 கேள்விகளும் கடந்த 2 வாரங்களைப் பற்றியவை. விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், வட்டிக்கு வாங்கி உலை வைக்கும் வீட்டில் கிடைக்கும் விடையும் ஆகஸ்டில் கிடைக்கும் விடையும் எப்படி ஒன்றாகும்? 'மனச்சோர்வு' என்ற சொல்லே அங்கே எடுபடவில்லை; "நெஞ்சு பாரமாகீது" என்றார்கள்.

இத்தகைய ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவில், துறை சாராத சாமானியர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுப் பரிசோதனை விதிகள் கூறுகின்றன. நான் கண்ட சாமானியர்கள் ஓய்வுபெற்ற அதிகாரிகளே. அடுத்த சுற்றில் மாலை 4 மணிக்குச் சென்றோம். கேள்வித்தாளை முதலில் மகளிர் குழுவினரிடம் படித்துக் காட்டினோம், அவர்கள் சிரித்த இடங்களையெல்லாம் திருத்தினோம்.