கேட்கும் முன்பே தெரிந்திருக்கட்டும்

பொது வாழ்க்கையில் இருக்கும் கிறிஸ்தவர்கள் தங்கள் விசுவாசத்தைப் பற்றிப் பேசிக் கெடுத்துக்கொள்வது உண்டு. ஆனால் பேச வேண்டிய காலத்தில் வாயை மூடிக்கொண்டு கெடுத்துக்கொள்வதுதான் அதிகம் என்பேன். வேட்பாளர், அதிகாரி, மருத்துவர், ஆசிரியர், விளையாட்டு வீரர் என்று யாராக இருந்தாலும் சிக்கல் ஒரே மாதிரிதான் வரும். ஏதோ ஒரு தகராறின் நடுவில் "நான் கிறிஸ்தவன், அதனால் இதைச் செய்ய முடியாது" என்ற பேச்சு முதன்முதலாக எழும். எதிரில் இருப்பவருக்கு அது சாக்காகத்தான் படும்.

தானியேல் 6:10-ஐ நிதானமாகப் படித்துப் பாருங்கள். ராஜாவைத் தவிர யாரிடமும் வேண்டுதல் செய்யக் கூடாது என்ற கட்டளை வந்த பிறகு தானியேல் புதிதாக ஜன்னலைத் திறக்கவில்லை. "தான் முன் செய்துவந்தபடியே" தினம் மூன்று வேளை ஜெபித்தார் என்று வசனம் குறித்துச் சொல்கிறது. எதிராளிகளுக்கு அவர் பழக்கம் முன்பே தெரியும். அதனால்தான் அவரை எங்கே பிடிக்கலாம் என்றும் தெரிந்திருந்தது. வெளிப்படையாக இருப்பதற்கு அந்த விலை உண்டு, அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அவர் நடிக்கிறார் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

முதல் தடவை எப்படிச் சொல்வது? ஒரே வரி போதும். அதையும் வேலைப் பேச்சோடு பேச்சாகச் சொல்வது நல்லது. "ஞாயிறு காலை ஆராதனைக்குப் போவேன், மதியத்துக்கு மேல் கூப்பிடுங்கள்" என்று புதிய இடத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. பதவியேற்றதும் நீளமான சாட்சி சொல்ல ஆரம்பித்தால் எல்லாரும் நெளிவார்கள். கேட்பவர் மேலும் கேட்டால் மேலும் சொல்லலாம். 1 பேதுரு 3:15-ம் "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" உத்தரவு, அதாவது பதில், சொல்லத்தான் ஆயத்தமாக இருக்கச் சொல்கிறது, அதுவும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்". கேள்வி வராத இடத்தில் பதிலைத் திணிக்கச் சொல்லவில்லை.

பேட்டிதான் பலரும் வழுக்கி விழும் இடம். பிரிட்டனில் லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவராக இருந்த டிம் ஃபேரனிடம் தன்பாலின உறவு பாவமா என்று 2015-இல் ஒரு பேட்டியில் கேட்டார்கள். நாம் எல்லாருமே பாவிகள் என்ற பாணியில் பதில் சொன்னார். இறையியல்படி அதில் பிழையில்லை, பேட்டியில் அது நழுவல். நழுவிய கேள்வி போய்விடாது, திரும்ப வரும். 2017 தேர்தலில் அதையே கேட்டுத் துளைத்தார்கள். பாவமில்லை என்று சொல்லிவிட்டார். ஜூன் 14 அன்று பதவி விலகுவதாக அறிவித்தார். அந்தப் பதிலைச் சொன்னதற்காக 2018-இல் வருத்தமும் தெரிவித்தார். அதே நாட்டில் ஸ்காட்லாந்தின் கேட் ஃபோர்ப்ஸ் 2023-இல் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் தலைமைக்குப் போட்டியிட்டபோது, தன்பாலினத் திருமணச் சட்டத்துக்கு எதிராகத்தான் வாக்களித்திருப்பேன் என்று நேராகவே சொன்னார். ஆதரவாளர்கள் சிலர் உடனே விலகினார்கள். சுமார் 52-க்கு 48 என்ற கணக்கில் தோற்றார். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தின் துணை முதலமைச்சர் ஆனார். அவர் கருத்து உங்களுக்கு உடன்பாடா இல்லையா என்பது வேறு விஷயம். பதில் தெளிவாக இருந்ததால் கேள்வி ஓய்ந்தது.

ஆகவே உங்களைத் துரத்தப்போகும் இரண்டு மூன்று கேள்விகளை முன்கூட்டியே எழுதி வையுங்கள். எவை என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடத்துக்குள் முடிகிற பதில் வேண்டும். முதலில் ஆம் அல்லது இல்லை. அடுத்து, அது உங்கள் சொந்த வாழ்க்கையில் என்ன பொருள் தருகிறது என்று ஒரு வாக்கியம். கடைசியாக, உங்கள் பதவியில் அது யாரை எப்படிப் பாதிக்கும், எதைப் பாதிக்காது என்று ஒரு வாக்கியம். இந்த மூன்றாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். கேட்கிறவருக்கு உண்மையில் வேண்டியது அதுதான். ஜான் கென்னடி 1960 செப்டம்பர் 12 அன்று ஹூஸ்டனில் பேசியது கிட்டத்தட்ட முழுக்க இந்த மூன்றாம் பகுதிதான். கத்தோலிக்கர் ஒருவர் அதிபரானால் திருச்சபை நாட்டை ஆளுமோ என்று சந்தேகப்பட்ட புராட்டஸ்டன்ட் போதகர்களிடமே போய் நின்று பேசினார், அவர்கள் கேள்விகளையும் வாங்கிக்கொண்டார். தேர்தலுக்கு அப்போது இரண்டு மாதம்கூட இல்லை.

எழுதிய பதிலை விசுவாசி அல்லாத ஒரு நண்பரிடம் கொடுத்து, கடுமையாகக் குறுக்குக்கேள்வி கேட்கச் சொல்லுங்கள். சபைக்குள் மட்டும் புழங்கும் சொற்கள் அப்போது பல்லிளிக்கும். "பாரம் வந்தது", "கர்த்தர் உணர்த்தினார்" என்பவை ஜெபக் கூட்டத்தில் எல்லாருக்கும் புரியும், மேடையில் விபரீதமாகக் கேட்கும். அதிலும் ஒரு கொள்கை முடிவுக்கு "ஆண்டவர் காட்டினார்" என்பதைக் காரணமாகச் சொன்னால் விவாதத்துக்குக் கதவு அடைபட்டுவிடும். ஆண்டவரோடு யார் வாதாடுவது? பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் விசுவாசம் ஊரறிந்தது. ஆனாலும் 1789-இல் அடிமை வணிகத்துக்கு எதிராக நாடாளுமன்றத்தில் எழுந்தபோது, கப்பல்களில் அடிமைகள் மட்டுமல்ல, மாலுமிகளும் எந்த அளவில் சாகிறார்கள் என்று கணக்கை எடுத்து வைத்தார். அந்த வணிகம் தடைசெய்யப்பட 1807 வரை ஆயிற்று. உந்துதல் விசுவாசத்திலிருந்து வரட்டும், அவையில் வைக்கும் காரணம் யாரும் சரிபார்க்கக்கூடியதாக இருக்கட்டும்.

மறுக்க வேண்டிய வேலை வந்தால் நேரம்தான் எல்லாம். ஸ்காட்லாந்து ஓட்ட வீரர் எரிக் லிடல் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிறு அன்று நடந்த 100 மீட்டர் தகுதிச்சுற்றில் ஓடவில்லை என்பது பலருக்குத் தெரியும். அட்டவணையைப் பார்த்துப் பல மாதங்களுக்கு முன்பே அவர் அதைச் சொல்லிவிட்டார் என்பது அவ்வளவாகத் தெரியாது. கிடைத்த காலத்தில் 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார், 47.6 விநாடியில் தங்கம் வென்றார். முந்தைய நாள் மாலை சொல்லியிருந்தால் அணியைக் கைவிட்டவர் என்ற பெயர்தான் மிஞ்சியிருக்கும். விதிவிலக்கு கேட்கிறவர் மூன்றைச் சேர்த்துக் கேட்க வேண்டும்: எந்த நாள், எவ்வளவு நேரம், பதிலுக்கு நான் எதை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சுமை ஒவ்வொரு வாரமும் ஒரே சக ஊழியர் தலையில் விழுந்தால், அவர் கிறிஸ்தவத்தைப் பற்றி என்ன நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. தானியேல் முதல் அதிகாரத்திலும் இதே நுணுக்கம் உண்டு. ராஜாவின் உணவு வேண்டாம் என்று தானியேல் கேட்டபோது, அரண்மனை அதிகாரிகளின் தலைவன் பயந்து தயங்கியதும் அவர் சண்டைக்குப் போகவில்லை. கீழே இருந்த விசாரணைக்காரனிடம் மரக்கறி உணவு கொடுத்துப் பத்து நாள் சோதித்துப் பாரும் என்றார். காலவரையறை உள்ள சிறிய கோரிக்கையை ஏற்பது எந்த மேலதிகாரிக்கும் சுலபம்.

சிலுவை அணிவதிலும் இப்படித்தான். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013 ஜனவரி 15 அன்று ஒரே தீர்ப்பில் இரண்டு விதமாகச் சொன்னது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஊழியர் நாடியா எவைடாவுக்கு வெற்றி, ஏனெனில் அந்தச் சிறிய சிலுவையால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. செவிலியர் ஷெர்லி சாப்ளினுக்குத் தோல்வி. கழுத்துச் சங்கிலியை நோயாளி பிடித்து இழுக்கலாம், காயத்தில் படலாம் என்ற பாதுகாப்புக் காரணம் எடுபட்டது. சீருடையில் ஊசியாகக் குத்திக்கொள்ளலாம் என்ற மாற்று வழியை அவர் ஏற்கவில்லை. மாற்று வழி ஒன்று முன்வைக்கப்பட்டால் எழுத்தில் வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் யோசித்துப் பதில் சொல்லுங்கள். சங்கிலிதான் விசுவாசமா, சிலுவையா என்று உங்களையே கேட்டுக்கொள்ளவும் அந்த அவகாசம் உதவும்.

அதிகாரம் கையில் இருக்கும்போது அளவுகோல் மாறுகிறது. "வேண்டாம்" என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்கு ஏதாவது நஷ்டம் உண்டா? மதிப்பெண், பதவி உயர்வு, சிகிச்சை எதுவாக இருந்தாலும் அவர் உங்கள் கையை எதிர்பார்த்திருந்தால், ஜெபக் கூட்ட அழைப்பு அழைப்பாக இருக்காது. கீழே வேலை செய்பவரை நீங்களாக அழைக்காதீர்கள். அலுவலகக் கடிதத்தாளிலும் அலுவலகக் கணக்கிலும் வசனம் வேண்டாம், சொந்தக் கணக்கில் தாராளமாகப் போடலாம். நோயாளியின் படுக்கையருகே "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேட்பதாக இருந்தால், கையில் மருந்தோ கத்தியோ உள்ள நேரத்தில் கேட்கக் கூடாது. கேட்காமல் வீட்டில் ஜெபித்தாலும் ஆண்டவருக்குக் கேட்கும். விருந்தில் சாப்பாட்டுக்கு முன் ஜெபமா, பத்து விநாடி கண்ணை மூடித் திறந்தால் போதும். மேசையே கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தால், மனிதர் பார்க்க ஜெபிக்காதீர்கள் என்கிற மத்தேயு 6:5 நினைவுக்கு வர வேண்டும்.

வெளியாட்களைவிடச் சபையிலிருந்து வரும் நெருக்கடிதான் கடினம், ஏனென்றால் அது அன்பாக வரும். முன்வரிசை நாற்காலி, பொன்னாடை, "நம்ம சகோதரர் அதிகாரத்தில் இருக்கிறார்" என்ற அறிமுகம். அடுத்த வாரமே ஒரு விண்ணப்பத்தோடு யாராவது வருவார்கள். பதவிக்கு வந்த முதல் மாதமே போதகரைத் தனியாகப் பார்த்து நான்கு விஷயங்களைச் சொல்லிவிடுவது நல்லது: மேடைக்கு அழைக்க வேண்டாம், அறிவிப்பில் பதவியைச் சொல்ல வேண்டாம், பரிந்துரை எதுவும் சபை வழியாக வர வேண்டாம், நான் தவறினால் மற்றவர்களைப்போலவே கண்டியுங்கள். நேரில் கேட்டு வருகிறவருக்கு ஒரே பதில்தான்: "விண்ணப்பத்தை முறையாகக் கொடுங்கள், அது வரிசைப்படி வரும். உங்களை எனக்குத் தெரியும் என்பதால் அந்தக் கோப்பை நான் பார்க்காமல் வேறொருவரிடம் கொடுப்பேன்." கோபித்துக்கொள்வார்கள். சிலர் சபை மாறியும் போவார்கள். ஜிம்மி கார்ட்டர் அதிபராக இருந்தபோதும் வாஷிங்டனில் தன் சபையின் ஞாயிறு வகுப்பில் பாடம் எடுத்தார். பதவியைக் காட்டாமல், சபையில் மற்ற உறுப்பினரைப்போல வேலை செய்வது அப்படித்தான்.

இன்னொன்று. நீங்கள் வெளிப்படையாக இருப்பதால் பக்கத்தில் இருப்பவரும் அப்படி இருக்க முடியும் என்றில்லை. அரிமத்தியா யோசேப்பு யூதருக்குப் பயந்து இயேசுவின் அந்தரங்கச் சீஷனாகத்தான் இருந்தார் என்று யோவான் 19:38 ஒளிக்காமல் சொல்கிறது. சிலருக்கு வீட்டிலேயே ஆபத்து இருக்கும், வேலையோ உயிரோ போகலாம். ஆராதனைப் படங்களை உங்கள் பக்கத்தில் போடும் முன், பின்வரிசை முகங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்களைப் பின்தொடர்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம், அவர்களில் ஒருவர் அந்த முகத்தின் மாமாவாக இருக்கலாம். சம்மதம் கேட்டு வாங்குங்கள், சம்மதம் இல்லாத முகத்தை வெட்டிவிடுங்கள், பெயரை இணைக்காதீர்கள்.