உரிமையாளர் கூற்றுப்படி

"உரிமையாளர் கூற்றுப்படி, 1960களிலிருந்து குடும்பத்தில் உள்ளது" என்றுதான் ஏலப் பட்டியலில் முதலில் எழுதியிருந்தேன். முதல் இரண்டு சொற்களை எடுத்துவிடலாமே என்றார் பிரிவுத் தலைவர். "உங்களுக்குச் சந்தேகம் ஏதும் உண்டா?" என்றும் கேட்டார். "அப்படியொன்றும் இல்லை" என்று சொல்லி எடுத்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்.

பொருள், ஆணி வடிவிலான சிறிய சுடுமண் கூம்பு. இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் இருந்த லகாஷ் அரசை ஆண்ட கூடியா, கி.மு. 22ஆம் நூற்றாண்டில், கிர்சு நகரில் நின்கிர்சு என்னும் தெய்வத்துக்கு எனின்னு கோயிலை எடுப்பித்தபோது சுவர்களுக்குள் பதித்தவற்றுள் ஒன்று. ஆப்பெழுத்து வரிகள் சுவருக்குள் மறைந்துவிடும். அவை வழிபட வந்தவர்கள் படிப்பதற்காக அல்ல, தெய்வத்துக்கும் பின்னாளில் கோயிலைப் புதுப்பிக்கப்போகும் அரசர்களுக்கும் எழுதப்பட்டவை. யார் கட்டியது, யாருக்கு, எந்தக் கோயில் என அனைத்தையும் சொல்லும் அந்தக் களிமண், தன்னைச் சுவரிலிருந்து பிடுங்கியவர் யார், எந்த ஆண்டில் என்பதை மட்டும் சொல்லாது. எங்களுக்குத் தேவைப்பட்டதோ அந்த ஆண்டுதான்.

ஏனெனில், 1990 ஆகஸ்ட் 6க்குப் பிறகு ஈராக்கிலிருந்து சட்டவிரோதமாக வெளியேறிய தொல்பொருளை வைத்திருப்பதே பிரிட்டனில் 2003ஆம் ஆண்டு ஆணையின்படி குற்றம்; அறியாமல் வைத்திருந்தேன் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் வைத்திருப்பவருடையது. (உரிமமின்றி வெளியேறியிருந்தால், ஈராக்கின் 1936ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 1960களும் தப்பாது. அதை அன்று யாரும் பேசவில்லை.) 1877இல் பிரெஞ்சுத் தூதரக அதிகாரி சார்செக், பழைய கிர்சு நகரம் புதைந்து கிடந்த டெல்லோ மேட்டைத் தோண்டத் தொடங்கிய காலம் முதல் இத்தகைய கூம்புகள் ஏராளமாகக் கிடைத்து உலகெங்கும் பரவியுள்ளன என்பதும், வாசகம் முன்பே அறியப்பட்டது என்பதும், தட்டச்சு செய்த குடும்பக் கடிதம் ஒன்று கோப்பில் இருந்தது என்பதும் என் தரப்பு நியாயங்கள். அவற்றில் எதுவும் பொய்யில்லை.

2018 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் எட்டுப் பொருள்களை ஈராக்கிடம் ஒப்படைத்தது. 2003இல் லண்டன் வணிகர் ஒருவரிடம் காவல்துறை கைப்பற்றியவை அவை. அவற்றுள் மூன்று, கூடியாவின் கூம்புகள். டெல்லோவில் அகழாய்வு செய்துகொண்டிருந்த அருங்காட்சியகக் குழுவினர் அதே வாசகமுள்ள கூம்புகளை அந்தக் கோயிலின் சுவரிலேயே கண்டிருந்ததால் இடம் உறுதியாயிற்று. அருகில் கொள்ளையர் தோண்டிய குழிகளும் இருந்தன. அந்தச் செய்தியைப் படித்த இரவு, எங்கள் கூம்பின் படத்தை எடுத்து நெடுநேரம் பார்த்தேன். வாசகம் அதுவே என்பதைத் தவிர அதிலிருந்து எதுவும் தெரியவில்லை.

அன்று அதன் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததைத் தலைவரிடம் காட்டத்தான் செய்தேன். உப்பு எப்போது வேண்டுமானாலும் பூக்கும் என்றார். பின்னர் பொருள் பாதுகாப்பு வல்லுநர் ஒருவரிடம் கேட்டபோது அவரும் அதையேதான் சொன்னார். ஆகவே தலைவர்மேல் எனக்குக் குறையில்லை. கூம்பைச் சுற்றியிருந்த துணியை விரித்தபோது ஆப்பெழுத்தின் பள்ளங்களிலிருந்து மஞ்சள் மண் உதிர்ந்து மேசைமேல் விழுந்ததை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அடுத்த பொருளைப் பெட்டியிலிருந்து எடுத்தேன்.