சர்வதேச உறவுகள் படித்தால் தூதரக வேலை மட்டும்தானா?

சர்வதேச உறவுகள் படிக்கிறேன் என்றதும் எல்லோரும் கேட்பது, "தூதரகத்தில் வேலையா?" என்றுதான். அது ஒரு வழி மட்டுமே. வகுப்பில் தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின் 22ஆவது பிரிவை வரிவரியாகப் படித்தோம். தூதரின் சம்மதம் இல்லாமல் தூதரகம் இருக்கும் நாட்டின் போலீஸ்கூடத் தூதரக வளாகத்துக்குள் நுழைய முடியாது என்கிற அந்த விதி தெரிந்தால், விக்கிலீக்ஸ் நிறுவனர் ஜூலியன் அசாஞ்சே 2012 முதல் 2019 வரை லண்டனில் ஈக்வடார் தூதரகத்துக்குள்ளேயே கைதாகாமல் எப்படி இருக்க முடிந்தது என்பது விளங்கிவிடும். இப்படி ஒப்பந்த வாசகத்தைப் பிரித்துப் படிக்கும் பழக்கம்தான் இந்தப் படிப்பின் பெரிய சொத்து. வங்கிகளில் அரசியல் அபாய ஆய்வு, ஏற்றுமதி நிறுவனங்களில் பொருளாதாரத் தடைகளைக் கவனிக்கும் பிரிவு, நிவாரண அமைப்புகள், பத்திரிகை என்று எங்கும் அது தேவைப்படுகிறது. ஐ.நா. கனவு இருந்தால் சரி, ஆங்கிலமோ பிரெஞ்சோ சரளமாக வர வேண்டும். முதலாண்டிலேயே இன்னொரு மொழியையும் பிடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் கொஞ்சம் புள்ளியியலும்.