கார்பரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

டிப்ளமா ஆட்டோமொபைல் இறுதியாண்டு செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது ஒரு பழைய ராஜ்தூத் 350. யமஹா ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் 1983-லிருந்து இங்கே தயாரித்தார்களே, அதுதான். 347 சிசி, டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க இரண்டு மிக்குனி கார்பரேட்டர். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ஐடிலிங், அதாவது இன்ஜின் சும்மா ஓடும் வேகம், இறங்க மறுத்தது. நான் ஸ்க்ரூடிரைவரோடு நேராக கார்பரேட்டரில் காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூவுக்குப் போனேன். மார்க் போனது அங்கேதான்.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸும், அதாவது பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டு இருக்கும் அறையும், பம்ப் மாதிரி வேலை செய்கிறது. அதனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி அறை, காற்று கசியாமல் தனி அடைப்பு. அந்த அடைப்புதான் சீல். ஒரே கிராங்கில் கோத்த இரண்டு இன்ஜின் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். வலது சீல் போனால் கியர் ஆயிலைக் குடித்து வெள்ளைப் புகை தள்ளும். இடது சீல் போனால் வெளிக்காற்றை இழுக்கும். கலவை லீன் ஆகி, அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்து, ஐடிலிங் எகிறும். இடது பக்கம் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைக் கழற்றியிருந்தால் பின்னால் ஈரமாக எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்திருப்பேன். அதைக் கவனிக்காமல் கார்பரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றிக்கொண்டிருந்தால் கடைசியில் பிஸ்டன் சீஸ்தான், சூட்டில் இறுகி நின்றுவிடும்.

சீல் சரி என்றால் அடுத்தது டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம். இரண்டு சிலிண்டருக்கும் தீப்பொறியைக் கிளப்பும் தனித்தனி பாயிண்ட். இரண்டுமே பிஸ்டன் உச்சிக்கு 2 மி.மீ. முன்னால் திறக்க வேண்டும்.

அப்புறம்தான் கார்பரேட்டர். ஏர் ஃபில்டர் பக்கத்தைக் கழற்றி, இரண்டு வாய்க்குள்ளும் ஒவ்வொரு விரலை விட்டு, நண்பனை ஆக்ஸிலேட்டரை மெதுவாகத் திருகச் சொல்லுங்கள். காற்றுவழியைத் திறந்து மூடும் இரண்டு ஸ்லைடும் ஒரே நொடியில் விரலை விட்டு எழ வேண்டும். ஒன்று மயிரிழை பிந்தினாலும் விரலுக்குத் தெரிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பக்கக் கேபிள் அட்ஜஸ்டரைச் சரிசெய்யுங்கள். அதே கேபிளின் மூன்றாவது கிளை ஆயில் பம்புக்குப் போகிறது, அதன் குறியையும் கையோடு பாருங்கள். நான் இதை இரண்டு முறை மறந்திருக்கிறேன்.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எல்லோரையும் கவிழ்ப்பவை இரண்டு. இந்த வண்டியில் ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் ரிச், அதாவது பெட்ரோல் மிகுந்த கலவை; காற்றை அல்லவா குறைக்கிறோம்! ஸ்லைடில் தொங்கிப் பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் ஊசிதான் நீடில்; அதைப் பிடித்திருக்கும் கிளிப்பை மேல் பள்ளத்துக்கு மாற்றினால் நீடில் கீழே இறங்கும், அதாவது லீன். மனப்பாடம் செய்யாமல் கையில் ஒரு நீடிலை வைத்துப் பாருங்கள்.

மறுதேர்வில் தேர்வாளர் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி, "இந்த கிராங்க் 180 டிகிரி. இதையே ஃபோர் ஸ்ட்ரோக்கில் வைத்தால்?" 180 டிகிரி என்றால் ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது மற்றது கீழே. பேசாமல் தாளில் கோடு போட்டுக் காட்டினேன். டூ ஸ்ட்ரோக்கில் 180 டிகிரிக்கு ஒரு முறை வெடிப்பு, சமமாக. ஃபோர் ஸ்ட்ரோக்கில் 180, அப்புறம் 540, மறுபடி 180. "அதான் சில வண்டி நொண்டுற மாதிரி கேட்குது சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.