சயான் பாலத்துப் பேய்களை மேடையேற்றிய கதை

நாற்பது நிமிட நாடகம். நடிகர்கள் இரண்டே பேர். எழுத உட்கார்ந்த நாளிலிருந்து மேடையில் விளக்கு எரிந்த நாள் வரை பதினோரு மாதம் ஆனது. மும்பையில் தமிழ் நாடகம் போட ஆசைப்படுகிறவர்கள் யாராவது இருந்தால் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மேடை விஷயத்தைவிட மற்ற விஷயம் அதிகமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி சயான் ரயில்வே மேம்பாலத்தை மூடினார்கள். 1912-இல் கட்டிய பாலம். கூடுதல் ரயில் பாதைகளுக்கு இடம் வேண்டும் என்று இடிக்க முடிவு செய்திருந்தார்கள். தாராவிக்கும் சயானுக்கும் நடுவே தினமும் போய்வருகிற எங்களுக்கு அது பெரிய தலைவலி. சுற்றிப் போகிற பேருந்தில் ஒருநாள் நின்றுகொண்டே வந்தபோது ஒரு கிறுக்கு யோசனை தோன்றியது. இந்தப் பாலத்தடியில் பேய் ஏதாவது குடியிருந்தால் அது இனி எங்கே போகும்?

ஒரு பேய் என்றால் தனிமை, இரண்டு என்றால் கதை. செல்வம், ராஜி என்று பெயர் வைத்தேன். ராஜி அவனுக்கு மாமன் மகள். இருவரும் 2005 ஜூலை 26 வெள்ளத்தில் போனவர்கள். அந்த நாளை இங்கே இருந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாளில் தெற்கே கொலாபாவில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மித்தி ஆறு என்று ஒன்று இருப்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாடகத்தின் முடிச்சு இது. அன்று மாலை சயான் நிலையத்துக்கு வருகிறேன் என்று சொன்ன செல்வம், கல்யாணப் பேச்சுக்குப் பயந்து வேண்டுமென்றே போகவில்லை. காத்திருந்து அலுத்துப்போன ராஜி, தோழி வீட்டு மாடிக்குப் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு அவனுக்குப் போன் போடுகிறாள். 'நான் தண்ணிக்குள்ள நிக்கேன். நீங்க வரலன்னா இப்படியே போயிருவேன்' என்று ஒரு பொய். அவன் தேடி வந்து செத்தான். அவனைக் காணோம் என்று இறங்கி அவளும் செத்தாள். அவன் வராதது தன் குற்றம் என்று அவன் நினைக்கிறான். அவள் சொன்ன பொய் தன் குற்றம் என்று அவள் நினைக்கிறாள். பாதி பாதி உண்மையை வைத்துக்கொண்டு பத்தொன்பது வருடமாக ஒரே பாலத்தடியில் இருக்கிறார்கள். சொல்லிவிட்டால் பாரம் போய்விடும். பாரம் போனால் பேய் நிற்காது. ஆகவே இருவரும் சொல்லவில்லை. அதுதான் காதல்.

முதல் பிரதியை எங்கள் இயக்குநரிடம் கொடுத்தேன். தாராவி தொண்ணூறடி சாலைப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறவர். பூர்வீகம் திருநெல்வேலி. எல்லோருக்கும் அண்ணாச்சி. கல்லாவில் உட்கார்ந்தபடியே, நடுநடுவே பருப்பு நிறுத்துக் கொடுத்துக்கொண்டே, படித்தார்.

"இந்தக் குற்ற உணர்ச்சி, குற்ற உணர்ச்சின்னு ஒம்போது எடத்துல எழுதியிருக்கீரே தம்பி, தாராவியில எவன் அப்படிப் பேசுதான்?"

சரிதான். அது புத்தகச் சொல். நம் ஆட்கள் 'மனசு உறுத்துது' என்பார்கள், 'எல்லாம் என்னாலதான்' என்பார்கள். பழைய சொல் ஒன்று இருக்கிறது, பழி. பழையனூர் நீலியிலிருந்து நம் கதைகளில் பேய் வருவதே பழி வாங்கத்தான். என் இரண்டு பேய்களும் பழியைத் தங்கள் மேல் வாங்கிக்கொண்டவை. ஒரே வினைச்சொல், திசைதான் வேறு. இதை நான் பெருமையாகச் சொன்னபோது அண்ணாச்சி இன்னொன்று சொன்னார்.

"நம்ம ஊர்ல அநியாயமாச் செத்தவங்க சாமியாயிருவாங்க. வில்லுப்பாட்டுல பாதி அந்தக் கதைதான். கொன்னவன் வம்சமே பயந்துபோய்ப் பீடம் போட்டு, கொடை குடுத்துக் கும்புடும். ஒம்ம ரெண்டு பேரையும் யாரு கொன்னா? மழை கொன்னுச்சு. மழை வந்து கும்புடவா செய்யும்? அதான் அவங்க சாமியாவும் ஆக முடியல, போவவும் முடியல."

இதை அப்படியே நாடகத்தில் போட்டுவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

ராஜியாக நடித்தவர் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. செல்வம், விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி. இரவு ஷிப்டு முடித்து ஒத்திகைக்கு வருவான். பேய்க்கு ஒப்பனையே தேவைப்படவில்லை.

இப்போது சான்றிதழ் விஷயம். மகாராஷ்டிரத்தில் மேடை நாடகத்தை நினைத்தபடி போட முடியாது. பிரதியை முன்கூட்டியே கொடுத்து, ரங்கபூமி பிரயோக் பரிநிரீக்ஷண் மண்டள் என்கிற அரசு வாரியத்திடம் சான்றிதழ் வாங்க வேண்டும். 1951-ஆம் வருடத்துப் பம்பாய்ப் போலீஸ் சட்டத்திலிருந்து வருகிற ஏற்பாடு. நடிகர் அமோல் பாலேகர் இதை எதிர்த்து 2016-இல் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார். நாங்கள் அவ்வளவு தூரம் போகிற ஆட்கள் இல்லை. ஒழுங்காகத் தட்டச்சு செய்து கொண்டுபோனோம். என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன்: அரங்கத்துக்கு முன்பணம் கட்டும் முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். நான் தேதியை முதலில் பிடித்துவிட்டுப் பிரதியைப் பிறகு கொடுத்தேன். கடைசி இரண்டு வாரம் எனக்குத் தூக்கம் இல்லை. தப்பு முழுக்க என்னுடையது.

கூடவே இந்தியில் ஒரு பக்கச் சுருக்கம் நானே எழுதி இணைத்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்தியில் 'பூத்' என்றால் பேய். கடந்து போனதற்கும் அதே சொல்தான், பூதகாலம் என்பார்கள். தமிழில் நாம் இறந்த காலம் என்கிறோம். என் பேய்கள் பிரதி முழுக்க 'இருந்தோம், நடந்தோம், சிரித்தோம்' என்று இறந்த காலத்திலேயே பேசிக்கொண்டிருந்தன. உயிரோடு இருக்கிறவனுக்குத்தான் அது இறந்த காலம், பேய்க்கு அதுதான் இன்றைக்கு. இரண்டே இரவில் வினைமுற்றுகளை எல்லாம் மாற்றினேன். 'ஸ்டேசன்ல நிக்கேன் அத்தான், உங்களைக் காணோம்' என்று ராஜி இப்போதும் சொல்கிற மாதிரி. நாடகத்துக்கு உயிர் வந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். அப்புறம், மாற்றிய பிரதியைத்தானே கொடுக்க வேண்டும்? மறுபடியும் முதலிலிருந்து தட்டச்சு.

முடிவுதான் கடைசிவரை மடங்கவில்லை. பாலம் மூடுகிற இரவு, இருவரும் உண்மையைச் சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், மறைய வேண்டும். எழுதிவிட்டேன். ஒத்திகையில் டீச்சர் அந்த இடம் வந்தாலே இடறினார்.

"சார், 'என்னை மன்னிச்சிருங்க அத்தான்'னு எங்க வீட்ல யாரும் யார்கிட்டயும் சொல்லி நான் கேட்டதே இல்ல. எங்க அம்மா அப்பாகூடச் சண்டை போட்டா, மறுநாள் அவருக்குப் புடிச்ச கருவாட்டுக் குழம்பு வப்பாங்க. அவ்வளவுதான்."

பேய்கள் எப்படிக் குழம்பு வைக்கும்? யோசித்தால், வைக்க வேண்டாம், வீடுகளில் வருடா வருடம் படையல் போடுவார்களே. இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைப்பது. கல்யாணம் ஆகாதவர்கள், ஆகவே இரண்டு வீட்டில் இரண்டு இலை. அந்தக் காட்சியை இப்படி மாற்றினேன்.

"எங்க வீட்ல இன்னிக்கு என்ன வச்சாங்க தெரியுமா அத்தான்? சோறும் கருவாட்டுக் குழம்பும்."

"அது எனக்குல்லா புடிக்கும்?"

"ஆமா. எனக்கு என்ன புடிக்கும்னு எங்கம்மாவுக்கு மறந்துபோச்சு. நான் எப்பவும் உங்களுக்குப் புடிச்சதையே கேட்டுக்கிட்டு இருந்தேம்லா."

இதற்குப் பிறகுதான் அவள் அந்தப் பொய்யைச் சொல்கிறாள். மன்னிப்பு என்ற சொல்லே கிடையாது. விளக்கு மெல்லக் குறையும். ஒவ்வொரு இரவும் இருட்டில் அவர்கள் ஒருவரை ஒருவர் தேடிக் கேட்பது போல, 'இருக்கியளா அத்தான்?' என்பாள். 'இருக்கேன்' என்பான். இன்னொரு முறை கேட்பாள். 'இருக்கேன்.' மூன்றாவது முறை கேள்வி மட்டும்.

சான்றிதழ் ஒருவழியாக வந்தது. மாட்டுங்காவில் ஒரு சின்ன அரங்கு. கூட்டம் முக்கால்வாசி. இருபது பேர் கேன்டீன் வடைக்காகவே வந்தவர்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது 'இருக்கியளா'வுக்குப் பிறகு கைதட்ட ஆள் இல்லாமல் கொஞ்ச நேரம் போனது. நாடகம் முடிந்தது யாருக்கும் தெரியவில்லையோ என்று எனக்கு வியர்த்துவிட்டது.

'இது உங்க சொந்தக் கதையா?' என்று இரண்டு பேர் கேட்டார்கள். இல்லை என்றேன். முழுக்க இல்லை என்றும் சொல்ல முடியாது. 2005-இல் அந்த நாள் நான் அந்தேரியில் அலுவலகத்தில் இருந்தேன். ரயில் நின்றுவிட்டது. சக ஊழியர்கள் கைகோத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். நான் போகவில்லை. பக்கத்திலேயே ஒரு நண்பரின் வீடு, அங்கே போய் உடை மாற்றி உட்கார்ந்துவிட்டேன். அவர் மனைவி பருப்புக் கிச்சடி செய்துகொண்டிருந்தார். எத்தனையோ தடவை சுழற்றியபிறகு, எங்கள் பக்கத்து வீட்டுப் போனுக்கு ஒரே ஒரு முறை லைன் கிடைத்தது. என் மனைவி வந்தாள். "மாமா உங்களைத் தேடிக்கிட்டுப் போயிருக்காங்க, எங்க இருக்கீங்க?" என்றாள். அப்பா அந்த மழையில் இறங்கிப் போயிருக்கிறார் என்று கேட்டதும், கிச்சடி வாசனையில் நின்றுகொண்டு, உண்மை வாயில் வரவில்லை. "ரோட்டுலதான், ஒரு கடைப் படியில ஏறி நிக்கிறேன், இடுப்பளவு தண்ணி" என்றேன். அப்பா ராத்திரி இரண்டு மணிக்குத் திரும்பினாராம். நாலு நாள் காய்ச்சல். அவருக்கு அதற்கப்புறம் ஒன்றும் ஆகவில்லை, இன்னும் பல வருடம் இருந்தார். கடைப்படி மட்டும் என் கூடவே இருந்தது.

நாடகம் முடிந்து நானும் மனைவியும் பேருந்தில் வந்தோம். பாலம் இல்லாததால் நேரம் எடுத்தது. அவள் பொதுவாக என் எழுத்தைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டாள். தாராவி திரும்பும் இடத்தில், ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அந்தப் பொண்ணு மாடியிலேருந்து போன் பண்றா இல்ல? அப்ப பின்னாடி ஏதாவது சத்தம் வைங்க. வீட்டுக்குள்ள கேக்குற சத்தமா. குக்கர் விசில் மாதிரி."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் அதற்கு மேல் பேசவில்லை. கடைசி நிறுத்தத்தில் இறங்கும்போது என் பையை அவள் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த காட்சிக்கு அதைச் சேர்த்தோம். கூடவே செல்வத்துக்கு ஒரு வரி, 'எனக்கு அப்பவே கேட்டுச்சு ராஜி.' அந்த ஒரு வரிக்காகப் பிரதியைத் திருத்தி மறுபடியும் எடுத்துக்கொண்டு போனேன். சத்தத்தை வீட்டிலேயே பதிவு செய்தோம். நான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் பருப்பும் அரிசியும் களைந்து போட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். மூன்று விசில்.