அஞ்சு பேரும் எங்கே?

'குங் ஃபூ பாண்டா' நான்காம் பாகத்துக்குப் போகும் முன் பழைய மூன்றையும் வீட்டில் மறுபடி பார்த்தாக வேண்டும் என்பது மகன் போட்ட சட்டம். வினை அங்கேதான் ஆரம்பித்தது. பழசை மறந்துவிட்டுப் போனால் புதுசு சுமாராக இருந்தாலும் நேரம் ஓடிவிடும். முந்தின ராத்திரி இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் தியேட்டருக்குப் போனால், பாவம், எந்தப் படம் தாங்கும்?

2011இல் வந்த அந்த இரண்டாம் பாகம் லேசுப்பட்டதல்ல. கதாநாயகப் பாண்டாவான குட்டி 'போ'வை அவன் அம்மா முள்ளங்கிப் பெட்டிக்குள் ஒளித்துவைத்துவிட்டு ஓடும் இடம் வந்தால், எங்கள் வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டோம்.

கூட வந்த என் அம்மா எந்தப் பாகத்தையும் பார்த்தவர் இல்லை. படம் ஆரம்பித்ததுமே கேட்டார்: "ஏண்டா, கரடிக்கு எப்படிடா வாத்து அப்பா?"

"வளர்ப்பு அப்பா, பாட்டி. சும்மா பாருங்க" என்றான் மகன். ஆனால் அவன் சும்மா பார்க்கவில்லை. போவின் கூடவே சண்டை போடும் புலி, குரங்கு, கொக்கு, பாம்பு, கும்பிடுபூச்சி ஐந்தையும் காணோம். ஆளுக்கொரு வேலையாக வெளியே போயிருக்கிறார்கள் என்று ஒரு வசனத்தில் கதையை முடித்துவிட்டார்கள்.

"அஞ்சு பேரும் ஒரே நேரத்துலயாப்பா?"

"லீவுல போயிருப்பாங்கடா."

"அஞ்சு பேருக்கும் ஒண்ணா லீவு கொடுப்பாங்களா? உங்களுக்கு ஒரு நாளே கொடுக்க மாட்டேங்கிறாங்கன்னு சொன்னீங்களே?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் அலுவலகத்து ஆளாக இல்லாமல் இருக்க வேண்டும்.

பையன் கேட்டது நியாயம்தான். ஆனால் எனக்கு உறுத்தியது வில்லி. முதல் பாகத்தின் வில்லன் 'தாய் லுங்' சிறையில் ஒரே கைதி, காவலுக்கு ஆயிரம் பேர். அப்படியும் தப்பித்து வருவான். அந்தப் பயத்திலேயே பாதிப் படம் ஓடியது. நான்காம் பாகத்தின் பச்சோந்தி யார் உருவத்தை வேண்டுமானாலும் எடுக்கிறாள், செத்துப்போன வில்லன்களையெல்லாம் வரவழைத்து அவர்களுடைய குங் ஃபூவைப் பிடுங்குகிறாள். இத்தனை இருந்தும் பயம் வரவில்லை. எல்லாமே இரவல் மிரட்டல். தாய் லுங்கையே கூட்டிவந்து காட்டியதும் பழைய படத்தின் நினைப்புதான் வந்தது, அது இந்தப் படத்துக்கு நல்லதல்ல.

நன்றாக இருந்தது அந்த இரண்டு அப்பாக்கள். பெற்ற பாண்டாவும் வளர்த்த வாத்தும் மகனைப் பற்றிய கவலையில் அவனுக்குத் தெரியாமல் பின்னாலேயே கிளம்பிவிடுகிறார்கள். அவர்களை மட்டும் வைத்து ஒரு படம் எடுத்திருந்தால் முதல் ஆளாகப் போயிருப்பேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அவரிடம் ஒப்பிட எதுவும் இல்லை, கொடுத்துவைத்தவர்.

கடைசியில் அந்த ஐந்து பேரும் தலைகாட்டினார்கள், வாயே திறக்காமல். "வந்துட்டாங்கடா" என்றேன் ஆறுதலாக. அவன் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தான்: "அஞ்சாவது பாகத்துலதான் அஞ்சு பேரும் பேசுவாங்க போல."

வெளியே வந்ததும் படம் எப்படி என்று அம்மாவைக் கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு. அந்த ஓணான் பொண்ணுதான் பாவம். குள்ளமா இருக்கான்னு எவனும் சொல்லிக்கொடுக்கலையாமே. சேர்த்திருந்தா அது பாட்டுக்குக் கத்துக்கிட்டுப் போயிருக்கும், நமக்கும் டிக்கெட் காசு மிச்சம்."